எத்தனை அங்குல ஆழம்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைப்பவன் நான். 'மின்சாரம் தாக்கி ஒருவர் பலி' என்ற தலைப்பை என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. அதற்கென்று மனதில் ஓர் அச்சு இருந்தது. இறந்தவரின் பெயர், வயது, ஊர். எத்தனை பிள்ளைகளின் தந்தை. சடலம் எந்த வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது. பொலிஸார் விசாரணை நடத்தி வருகின்றனர். நான்கு வரி. பக்கத்தின் அடியில் இடம் எஞ்சினால் அங்கே போய் அமரும். வயர் எங்கே கிடந்தது, நிலத்தின் கீழே என்றால் எவ்வளவு கீழே என்று எந்தப் பிராந்திய நிருபரிடமும் நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் அறிந்துகொண்டது செய்தி மேசையில் அல்ல. கல்குடாவில், என் அக்காவின் வளவில், நானே பணம் கொடுத்துப் புதைப்பித்த ஒரு வயரால்.

* * *

கல்குடாவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மட்டக்களப்பிலிருந்து வடக்கே போய், வாழைச்சேனையில் கடல் பக்கமாகத் திரும்பினால் வரும் ஊர். பக்கத்தில் பாசிக்குடா. எழுபதுகளில் வெளிநாட்டவர் வந்து தங்கிய விடுதிகள் இங்கே இருந்தன. யுத்தம் அவற்றை மூடியது. யுத்தம் முடிந்த பின்னர், 2011 ஆம் ஆண்டிலிருந்து, பாசிக்குடாக் கரையில் புதிய விடுதிகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. எங்கள் உறவுகளின் வளவுகளோ எப்போதும் போலத்தான்: தென்னை, கிணறு, பூவரசங் கதியால் வேலி, வெறும் மணல்.

அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்வெட்டி பட்டால் வழிவிடும். அதனால் தோண்டுவது சுலபம். ஆனால் அதே காரணத்தால் தோண்டிய குழி நிற்காது. இரு கரையும் சரிந்து உள்ளே விழும். மாரி மழை ஓடும் வழியில் மேல் மணல் கரைந்து போகும். இவ்வருடம் ஓர் அடி கீழே இருந்தது மூன்று வருடத்தில் அரை அடியில் இருக்கும். இதையெல்லாம் சிறுவயதிலிருந்தே கண்டவன்தான் நான். இருந்தும் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட இரவில் நான் சிறுவன். மறுநாள் காலையில் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததையும், கம்பங்கள் வீதிக்குக் குறுக்கே விழுந்து கம்பிகள் சேற்றில் சுருண்டு கிடந்ததையும் மறக்க முடியாது. ஆகவே 2018 இல், கடப்படியிலிருந்து வீட்டு விறாந்தை வரை விளக்குப் போட வேண்டும், கடப்படிக்கு அருகிலுள்ள கிணற்று மோட்டருக்கும் புதிய லைன் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மேலால இழுக்க வேணாம் தம்பி. காத்துக்கு விழும். நிலத்துக்குள்ள தாட்டுப்போடு."

நியாயமான பேச்சு. அத்தானுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. இருட்டில் ஒரு முறை கால் தடுக்கி விழுந்துமிருந்தார். செலவு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பாதைக்கு இன்டர்லொக் கல், ஓரத்தில் ஐந்து சிறு விளக்குகள், கடப்படியில் ஒரு பெரிய விளக்கு. வயரிங் வேலை தெரிந்த ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். கெட்டிக்காரன். அளந்து பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டான், எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று.

அன்றிரவு நான் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. ஆழமாக வெட்டினால் இன்னும் ஒரு நாள் கூலி. நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஒரு சாண் போதும்தானே? மனிசர் நடக்கிற பாதை. வாகனமா ஓடப்போகுது?"

அவன் மறுத்துப் பேசவில்லை. காசு கொடுப்பவன், அதுவும் கொழும்பில் பத்திரிகையில் இருப்பவன், சொல்லிவிட்டான். ஒரு சாணுக்குப் போட்டான். பாதைக்குக் கீழே மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மற்ற இடங்களில் வயர் மணலோடு மணலாக. மறுநாள் விளக்குகள் எரிந்தன. அக்கா தொலைபேசியில் மகிழ்ந்து பேசினாள்.

* * *

அந்த வருட மாரியில் வீட்டில் 'ட்ரிப் சுவிச்' அடிக்கடி விழத் தொடங்கியது. மழை பெய்தால் விழும். வெயில் வந்தால் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மீன் இரண்டு முறை பழுதாகிப் போனது. அக்கா குறைப்பட்டுக்கொண்டதும் யாரோ ஒருவர் வந்து வழிசெய்தார். தோட்டத்து லைனை மட்டும் கழற்றி, ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே பொருத்திவிட்டுப் போனார். அதன் பிறகு விழவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கும் சொன்னார்கள். "நல்லது" என்றேன்.

இன்று தெரிந்ததை அன்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன். ட்ரிப் சுவிச் என்பது போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. வித்தியாசம் ஏற்பட்டால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். உயிர்காக்க வீடுகளில் பொருத்தும் வகை 30 மில்லி அம்பியர் அளவுக்குள் நிறுத்திவிடும். மழைக்கு அது விழுந்தது பழுது அல்ல. மணலுக்குள் ஒரு மூட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாரி முழுவதும் சொன்னது. நாங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

2020 மாசியில் கடப்புக் கட்டைகள் உக்கிப்போய், கொங்கிறீற் தூண் நாட்டுவதற்கு அயலிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது. குழி தோண்ட அலவாங்கு. காலில் செருப்பில்லை. நான் அன்று தற்செயலாக விடுமுறையில் அங்கே இருந்தேன்; விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதோ நான்காவதோ குத்து. ஒரு சத்தம் வந்தது. அதைச் சத்தமென்றும் சொல்ல முடியாது, தொண்டையில் அடைபட்ட காற்று. நிமிர்ந்தேன். பையன் அலவாங்கை இரு கையாலும் பிடித்தபடி நின்றான். விடவில்லை, விட முடியவில்லை.

நான் எழுந்து ஓடினேன். அவனைப் பிடித்து இழுக்கத்தான் ஓடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இழுத்திருந்தால் நான்கு வரியில் இரண்டு பெயர்கள் வந்திருக்கும். உள்ளேயிருந்து அத்தானின் குரல்: "தொடாத! மெயினை அடிக்கிறன்!" பார்வை மங்கிய மனிதர் சுவரைத் தடவிப் போய் பிரதான சுவிச்சைக் கீழே இறக்கினார். பையன் மணலில் விழுந்தான்.

மூச்சு இருந்தது. இரண்டு உள்ளங்கைகளிலும் எரிகாயம். ஓரிரவு வைத்தியசாலையில் இருதயத் துடிப்பைப் பார்த்தபடி வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த இரவு முழுவதும் வாங்கில் அமர்ந்திருந்தேன். அவனுடைய தாய் எதிரே இருந்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. "ஆயுசு கெட்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வயர் யாருடைய யோசனையில் ஒரு சாணுக்குப் போனது என்பது அவளுக்குத் தெரியாது. அன்று நான் சொல்லவுமில்லை. பிறகு சொன்னேன்.

மறுநாள் அளந்து பார்த்தேன். கடப்படியில், மழைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், வயர் நான்கு அங்குலத்தில் கிடந்தது. ஒரு சாணில் பாதியை மாரி தின்றுவிட்டிருந்தது.

* * *

நான் கலைப்பட்டதாரி. மின்சாரம் என்றால் சுவிச் போடுவதோடு சரி. ஆனால் அந்தச் சம்பவத்தின் பின்னர் சில மாதங்கள் வேறு எதையும் வாசிக்க மனம் வரவில்லை. வாசித்ததில் முக்கியமானதை இங்கே பதிந்து வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

மின்கம்பியை நிலத்தில் புதைக்கும் யோசனை கம்பத்தைவிடப் பிந்தியதல்ல. மோர்ஸ் தமது தந்தி வழியை வொஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே 1843 இல் ஈயக் குழாயில் வைத்துப் புதைக்கத்தான் தொடங்கினார். கம்பியின் காப்பு சரியில்லாமல் அது தோற்றதால்தான் கம்பங்களுக்குத் தாவினார். 1882 இல் எடிசன் நியூயோர்க்கில் மின்விநியோகம் தொடங்கியபோது இரும்புக் குழாய்களில் செப்புக் கம்பிகளை அடைத்து வீதிக்குக் கீழே புதைத்தார். ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டு, அவ்வழியே போன குதிரைகள் அதிர்ச்சியில் துள்ளியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். குதிரையின் காலில் இரும்பு லாடம். எங்கள் பையனின் கையில் அலவாங்கு. இரும்புதான் இரண்டு இடத்திலும்.

இப்போது ஆழத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய மின்விதிகளில் இதற்கென்று ஓர் அட்டவணையே இருக்கிறது. சாதாரண நிலத்தில், தடித்த இரும்புக் குழாய்க்குள் வயர் போனால் 6 அங்குலம் போதும். பி.வி.சி. குழாய் என்றால் 18 அங்குலம். குழாயே இல்லாமல், புதைக்கவென்று செய்த கேபிளை நேரடியாக வைத்தால் 24 அங்குலம். அளப்பது பள்ளத்தின் அடியிலிருந்து அல்ல. குழாயின் மேற்புறத்திலிருந்து, வேலை முடிந்த பின்னுள்ள தரைமட்டம் வரை.

இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. மேலே என்ன நடக்கிறது என்பதை மட்டும் வைத்து அவை வகுக்கப்பட்டிருந்தால் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? தோண்டுகிறவன் கைக்கும் செப்புக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. இரும்பு இருந்தால் மண்வெட்டி வழுக்கும், ஆழம் குறையலாம். பிளாஸ்டிக் உடையும், ஆழம் கூட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் மண்தான் காவல்; அந்தக் காவல் தடிப்பாக இருக்க வேண்டும். நானோ நடக்கிறவனை நினைத்து ஆழத்தைத் தீர்மானித்தேன். தோண்ட வருகிறவனை நினைக்கவில்லை.

நடைபாதைக்கு ஒரு சலுகை உண்டு. வாகனம் ஏறாத, 4 அங்குலத் தடிப்புள்ள கொங்கிறீற் தளத்துக்குக் கீழே, அந்தத் தளம் குழாயின் இருபுறமும் 6 அங்குலமாவது நீண்டிருந்தால், பி.வி.சி. குழாய்க்கு 4 அங்குல ஆழமே போதும் என்கிறது அதே அட்டவணை. கொங்கிறீற்றை உடைக்கிறவன் யோசித்துத்தான் உடைப்பான் என்பது நம்பிக்கை. ஆனால் இன்டர்லொக் கல் அப்படிப்பட்ட தளம் அல்ல. ஒரு திருகாணிச் சாவி இருந்தால் சிறுவனும் கிளப்புவான். 'பாதைதான் மேலே இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்வதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இந்தியத் தரநிர்ணயம், தாழ்ந்த அழுத்தக் கேபிளை நேரடியாகப் புதைக்க 75 சென்ரிமீற்றர் கேட்கிறது. பிரித்தானியாவில் விநியோக நிறுவனங்களுக்கான வழிகாட்டி, வீதியோர நடைபாதையில் 450 மில்லிமீற்றர் என்கிறது. அது ஏறக்குறைய 18 அங்குலம். ஆனால் வீட்டு வயரிங்குக்கான பிரித்தானிய விதிகள், நம் நாட்டில் பெரும்பாலும் அடியொற்றப்படுபவை, எண் எதையும் தருவதில்லை. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தோண்டல்களால் சேதமுறாத அளவுக்குப் போதிய ஆழம் வேண்டும், அவ்வளவுதான். எண் தராதது சௌகரியம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அதுதான் கடினமானது. எண் இருந்தால் அளந்துவிட்டுப் போகலாம். இங்கே நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: இந்த வளவில் நாளைக்கு யார், எதனால், எவ்வளவு ஆழம் தோண்டுவார்?

கல்குடாவில் அந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். கதியால் நாட்ட அலவாங்கு ஒன்றரை அடி போகும். தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி. ஆக, வேலியோரத்தில் 18 அங்குலமும் காவல் அல்ல. தென்னம்பிள்ளைக்கு முன்னால் இரண்டு அடியும் ஒன்றுமில்லை. ஆழம் மட்டும் போதாது. எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதுவே எங்கள் ஊரின் பிரச்சினை. எங்கள் வளவில் வயர் போன தடம் தெரிந்தவன் ஒருவன்தான். அதைப் போட்ட பையன். அவன் விபத்துக்கு முன்பே கட்டாருக்குப் போய்விட்டான். யுத்தமும் ஆழிப்பேரலையும் எத்தனை குடும்பங்களை இடம் மாற்றின. எத்தனை காணிகள் கை மாறின. ஒருவர் புதைத்ததை இன்னொருவர் தோண்டும் மண் இது. மிதிவெடி அகற்றியவர்கள் குறிகள் நட்டு, கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாக நகர்ந்ததைப் பார்த்த மக்கள் நாங்கள். நிலத்துக்குள் இருப்பதைக் குறிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தும், வயர் என்றால் ஒரு சாண்.

* * *

அந்த மாசி முடிவதற்குள் வேலையைத் திருப்பிச் செய்தோம். பதிவு பெற்ற, வயதில் மூத்த ஒருவர் வந்தார். முதல் வேலையாகத் தோட்டத்து லைனைத் திரும்பவும் ட்ரிப் சுவிச்சின் கீழ் கொண்டுவந்தார். பிறகு தடத்தை மாற்றினார். வேலியோரம் வேண்டாம், பாதையின் நடுவே போகட்டும்; கதியாலும் தென்னையும் பாதை நடுவில் யாரும் நாட்டமாட்டார்கள் என்றார்.

"இரும்புக் குழாய் போட்டால் ஆழம் குறையுமே?" என்று, படித்ததைக் காட்ட, கேட்டேன்.

"உப்புக் காத்து மனே. கடக்கரை மண்ணுக்குள்ள எத்தின நாளைக்கு நிக்கும்? பிளாஸ்டிக்கைப் போட்டு ஆழத்தைக் கூட்டுவம்."

இருபத்தோர் அங்குலம் வெட்டினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். மணல் சரிந்துகொண்டே இருந்ததால் வாய் அகலமாக வெட்ட வேண்டியிருந்தது. ஒன்றரை அடியில் மண்வெட்டி 'டங்' என்றது. எல்லோரும் பின்வாங்கினோம். குனிந்து கையால் துழாவினேன். சிவப்புச் சீமெந்துத் துண்டு. 2004 மார்கழி 26 இல் கடல் கொண்டுபோன பழைய வீட்டின் தரை. காணியை நிரவியபோது அடியில் போயிருக்க வேண்டும். அக்கா அதை வாங்கிக் கழுவி, ஒன்றும் பேசாமல் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

அடியில் கல், ஓடு நீக்கி அரித்த மணல் இரண்டு அங்குலம். அதன்மேல் தடித்த பி.வி.சி. குழாய். அதற்குள் வெளிப்புறப் பாவனைக்கான கேபிள். குழாய் இருந்தாலும் உள்ளே தண்ணீர் சேரவே செய்யும் என்பதால் வீட்டுச் சுவருக்குள் ஓடும் சாதாரண வயர் ஆகாதாம். நிலத்துக்குள் ஒரு மூட்டும் இல்லை; எல்லா மூட்டுகளும் விளக்கடியில், தரைக்கு மேலே, பெட்டிக்குள். குழாய்க்கு ஓர் அடி மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா. அடுத்த தலைமுறையில் எவனாவது மறந்து தோண்டினாலும் முதலில் நாடாதான் மண்வெட்டியில் வரும்.

மூடுவதற்கு முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்தேன். வீட்டுச் சுவரின் மூலையிலிருந்து இத்தனை அடி, கிணற்றிலிருந்து இத்தனை அடி என்று ஒரு வரைபடம் கீறி, பிளாஸ்டிக் உறையிட்டு, மீற்றர்ப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். என் பெயரில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஓர் உயிருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியதாய் நான் எழுதியது அந்த ஒரு தாள்தான் என்று சில வேளை தோன்றும்.

செலவு முதல் வேலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நான் மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு நாள் கூலி.

* * *

பையன் ஒரு மாதம் கழித்து வந்தான், விட்டுப்போன தூணை நாட்ட. வேண்டாம் என்று அக்கா தடுத்தாள். தொடங்கிய வேலையாம், முடிக்க வேண்டுமாம். உள்ளங்கையில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்தைப் போட்டிருந்தான். அலவாங்கை எடுத்தவன் குத்துவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, இஞ்ச கீழ ஒண்டும் இல்லையே?"

மீற்றர்ப் பெட்டியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். விரலை வைத்து, தூண் நிற்கும் இடத்தையும் வயர் போகும் தடத்தையும் பார்த்தான். தலையாட்டினான். பிறகு போய்க் குழியைத் தோண்டினான்.

இப்போதும் பிராந்தியங்களிலிருந்து அந்தச் செய்திகள் வருகின்றன. பெயர், வயது, ஊர், பிள்ளைகள். நான் நிருபரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு கேள்வி கேட்கிறேன். வயர் எங்கே கிடந்தது? நிலத்துக்குள் என்றால் எத்தனை அங்குலம்? ட்ரிப் சுவிச் இருந்ததா, கழற்றப்பட்டிருந்ததா? பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதில்லை, சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சிலர் திரும்பிப் போய் அளந்துகொண்டு வருகிறார்கள். அப்படி வரும்போது செய்தி நான்கு வரி அல்ல, ஆறு வரியாகிறது. அந்த இரண்டு வரிக்கு இடம் இல்லை என்று நான் இப்போது யாரையும் வெட்டவிடுவதில்லை.